சும்மா உட்கார்ந்தவளின் பெஞ்சு

சதுக்கத்து சிமெண்டு பெஞ்சு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒன்றரை அடி நீண்டது. அதற்குக் காரணம், சலவைக் கடையில் இஸ்திரி போடும் பெண்ணின் கால்வீக்கம். ஒன்பது மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறவள். வீடோ நாலாம் மாடி. நடுவில் பத்து நிமிஷம் உட்காராவிட்டால் வேலையையே விடவேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம், கண்ணுகளா. அந்த நாளில் சதுக்கத்தில் பெண்கள் உட்கார்ந்ததே இல்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலில் வெந்நீர் கொட்டியதுபோல ஓடிக் கடப்பார்கள். நிற்க நேர்ந்தால் கையில் ஒரு காரணம் வேண்டும். இவளுக்கு ஒரு பழைய எக்ஸ்ரே உறை. யாராவது முறைத்தால் ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மாதிரி அதைப் பிரித்துப் பார்ப்பாள்.

அன்றைக்கு உறையை வீட்டில் மறந்துவிட்டாள். கால் கெஞ்சியது. பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பூட்டு ரிப்பேர்க்காரர் தொடையை அகட்டிக்கொண்டு நகர்ந்தார். இவள் ஒதுங்கினாள். அவர் மறுபடி நகர்ந்தார். இவள் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, அடியில் பெஞ்சு வளர்ந்திருந்தது.

"அந்தப் பக்கம் அவ்வளவு இடம் கிடக்கு. என் மேலேயே ஏன் வர்றீங்க?" என்று கேட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டுக்காரர் காலை மடக்கிக்கொண்டார்.

சேதி பரவி, மறுநாள் மீன் விற்பவள், டீச்சர், இவளுடைய நாத்தனார் என்று பலர் வந்தார்கள், மருந்துச் சீட்டும் கீரைக்கட்டுமாக. பெஞ்சு அசையவில்லை. "ஆள் பார்த்துத்தான் வளருமா அண்ணி உங்க பெஞ்சு?" என்று நாத்தனார் குத்தினாள்.

இவளுக்கு அப்போதுதான் மறந்துபோன உறை ஞாபகம் வந்தது. "அந்தக் கீரையைக் கீழ வை. எதுக்கு வந்தேன்னு யாருக்கும் சொல்லாதே. உனக்கே சொல்லிக்காதே."

வைத்தாள். ஒன்றரை அடி.

நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார். இரண்டாம் வருஷம் பெஞ்சு மூலை திரும்பியது, நாலாம் வருஷம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டியது. அளந்து அலுத்த மனிதர் ஓய்வு பெற்றார். சாயங்காலங்களில் அவர் மனைவி மீன்காரிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆண்களும் உட்காருகிறார்கள், தங்கள் அகலத்துக்கு மட்டும்.

இஸ்திரிக்காரி வேலையை விடவில்லை. போன வாரம் வெயில் தாழும் நேரத்தில், பத்து நிமிஷம் என்று உட்கார்ந்தவள் வாயைத் திறந்துகொண்டு முக்கால் மணி நேரம் தூங்கிப்போனாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பாவம் அசதி என்று நினைத்துக்கொண்டு நடந்தார்கள்.