தாடியில்லாத லிங்கன்

1.
இந்தக் கதை ஒரு தாடியில் தொடங்கியது. சரியாகச் சொன்னால், தாடி இல்லாததில்.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடைக் கணினியில், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் இருக்கிறது. சுற்றிலும் ரோஜாப்பூக் கரை, மேலே ஒரு படம். ஆசிரியர் தினத்துக்கும் பிரியாவிடைக்கும் அதை அச்சடித்து லெமினேட் பண்ணிக் கொடுப்போம். படத்தில் இருப்பவர் லிங்கன் அல்ல. தாடியில்லாத வேறொரு ஜனாதிபதி. இத்தனை காலமாக ஒருவரும் கேட்கவில்லை.

2.
தொடக்கத்துக்குச் சில வரிகள் எழுதிப் பார்த்தேன்.

‘துறைமுகத்தின் மீது பனி படர்ந்திருந்த ஒரு...’ (இங்கே எங்கே பனி? மொழிபெயர்ப்பு நாவல்களாகவே வாசித்தால் இப்படித்தான் வரும்.)

‘பாயிஸ் என்ற மனிதன், தன் விதியை அறியாதவனாக...’ (அவருக்கு எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை வேலைக்காகக் கட்டாருக்குப் போகிறார்.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். கிண்ணியாவிலிருந்து பாயிஸ் நானா* வந்தார். மகள் மின்ஹா முதலாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். போவதற்குமுன் அவளுடைய டீச்சரிடம் அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். தான் இல்லாத காலத்தில் டீச்சர் பிள்ளையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

*அன்புவழிபுரத்துத் தமிழ்ப் பிள்ளையான எனக்கு அவர் உறவல்ல. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

3.
படத்தை மாற்றத்தான் இணையத்தில் தேடினேன். கடிதமும் அகப்பட்டுக்கொண்டது. லிங்கனின் தொகுக்கப்பட்ட எழுத்துகளில் அது இல்லை. அவர்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரமும் இல்லை. (இதை நான் கற்பனை செய்யவில்லை. நீங்களும் தேடிப் பாருங்கள்.)

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.

“அப்ப ஆர் தங்கச்சி எழுதினது?”

“தெரியாது நானா. பேரை எடுத்துவிடட்டா?”

“எடுத்தா டீச்சர் ஏன் வாசிக்கிறா? என்ட பேரைப் போட்டா, கிண்ணியா லிங்கன் எண்டு சிரிப்பாங்க.”

ஆனாலும் தடுக்கவில்லை. பெயரையும் படத்தையும் அழித்தேன். கடிதத்தின் அடியில் வெள்ளையாக ஓர் இடம் கிடந்தது.

4.
இந்த இடத்தில் நான் ஏதோ ஞானமாகக் கேட்டதாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நான் லெமினேட் மெஷினைத்தான் போட்டேன். அவர் அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பின்னால் கொப்பி எடுக்க நின்றவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“மகளுக்கு இடக்காது சரியாக் கேக்காது. வெளியில சொல்ல வேணாம் எண்டு வீட்டில சொல்றாங்க, நாலு பேர் கதைப்பாங்களாம். புள்ள கேக்காட்டியும் ஓம் எண்டுதான் தலையாட்டும்.”

பெரிய மனிதர் ஒருவர் எழுதியதைக் கொடுத்தால் டீச்சர் கூடுதலாகக் கவனிப்பா, காது விஷயம் தானாகத் தெரியவரும் என்று நினைத்திருக்கிறார். கடிதத்தை இருவருமாக மேலிருந்து கீழ்வரை பார்த்தோம். எத்தனையோ நல்ல விஷயங்கள் இருந்தன. காதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வேறொரு தாளில் அவர் சொன்னதைத் தட்டினேன், வீட்டுக் கதையை மட்டும் விட்டுவிட்டு. கீழே ‘மின்ஹாவின் வாப்பா, பாயிஸ்’. ரோஜாப்பூ வேண்டுமா என்று கேட்டேன். போடச் சொன்னார்.

பெயரில்லாத கடிதத்தை லெமினேட் பண்ணிக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

5.
முடிவுகள்:

(அ) டீச்சரிடம் இரண்டையும் கொடுத்தார்.

(ஆ) லெமினேட் பண்ணியதை மட்டும் கொடுத்தார். மடித்த தாள் சட்டைப்பையோடு கட்டாருக்குப் போய்விட்டது.

(இ) ‘அதை வாசித்ததும் டீச்சரின் கண்கள்...’ இல்லை. இதை எழுத ஏலாது.

எது நடந்தது என்று என்னால் சரிபார்க்க முடியவில்லை. உங்களால் முடியும். கொஞ்ச நேரம் நீங்கள் அந்த டீச்சராக இருங்கள். திங்கட்கிழமை. மின்ஹா சுவரோரமாக, இடக்காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருக்கிறாள். பாடம் விளங்கினதா என்று கேட்கிறீர்கள்.

“ஓம் டீச்சர்” என்கிறாள்.