ஆள்காட்டியின் நான்கு முட்டைகள்

வைகாசி வெயில் உருக்கிய வெள்ளிபோல் வழிந்து, ஒரகடத்துப் பெருஞ்சாலையில் ஊர்ந்த சரக்கு வண்டிகளின் முதுகில் தெறித்து, தொழிற்கூடங்களின் தகரக் கூரைகளைக் கண்கூச மின்னுவித்து, வடக்குப்பட்டு ஏரியில் எஞ்சிய நீரையும் உறிஞ்சிக்கொண்டிருந்த முற்பகற்பொழுது அது. புதிய கூடம் எழுப்புதற்கெனச் சரளை பரப்பிய வெட்டவெளியில், சாத்தூரினின்று அருகிலுள்ள தொழிற்கூடமொன்றில் பணிக்கு வந்திருந்த பாண்டிச்செல்வி, மடியில் ஏடு விரித்துக் கரிக்கோலுடன் அமர்ந்திருந்தாள். உயிர்களை நேரிற் கண்டே வரைவது அவளது விடுமுறைநாள் வழக்கம். படம் பார்த்து வரைந்தவை அவள் கண்ணுக்கு உயிரற்றே தோன்றின.

கல்லோடு கல்லாய்க் கிடந்த நான்கு முட்டைகளைக் காக்கும் ஆள்காட்டிப் பறவையை அன்று அவள் வரையலுற்றாள். அதுவோ அமராது, தலைக்குமேல் வட்டமிட்டு ஓயாமல் கூவிற்று. கழுத்தின் கருமையும் கால்களின் நெடுமையும் ஏட்டில் ஏறுந்தோறும் மகிழ்ந்தவள், நாழிகை இரண்டு கழிந்தபின்னரே அக்கூவல் தன்னை நோக்கியது என்பதையும், தான் அங்கிருக்குமளவும் முட்டைகளுக்குத் தாயின் நிழலில்லை என்பதையும் உணர்ந்தாள். ஏட்டை மூடி எழுந்து, தொலைவிலிருந்த வேலமரத்தடிக்கு ஓடினாள். பறவை ஏரிக்குச் சென்று, வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைகள்மேல் அமர்ந்தது. ஆயினும் அவள் நெஞ்சு அடங்கவில்லை. அவை முன்னரே வெந்துபோயினவோ என்று துடித்தது.

அவ்வேளை நிலஞ்சமன் செய்யும் பொறி உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அவள் ஓடிச்சென்று அதன் முன்னே நின்றாள். ஓட்டிவந்த உள்ளூர்க் கோதண்டம் இறங்கி, அவள் காட்டிய திசையில் நெடுநேரம் நோக்கினார்.

"இன்னாம்மா, முட்டை எங்க கீது? எனக்குக் கல்லுதான் தெரியுது."

அவள் ஏட்டை நீட்டினாள். "இதைப் பார்த்துட்டு அங்க பாருங்க அண்ணே. பொரிக்கிற வரைக்கும் விட்டுருங்க."

ஏட்டையும் தரையையும் மாறிமாறி நோக்கியவர், திடுமெனக் கண்டுகொண்டவர்போல் ஓரடி பின்வாங்கினார். அம்மூலையை இறுதியிற் செய்வதாகவும், பத்து நாளுக்குமேல் தம்மால் தள்ளிப்போட இயலாதென்றும் கூறி, சுற்றிலும் நான்கு கழிகளை நட்டுச் சென்றார்.

அந்நாள்முதல் பணி முடிந்து திரும்புந்தோறும், வேலமரத்தடியில் நின்று, உலைவாய் அரிசியெனக் கொதிக்கும் உள்ளத்தோடு அவள் அத்திசை நோக்கினாள். ஒன்பதாம் நாள் மாலை, தாயின் கால்களிடையே மூன்று குஞ்சுகள் ஓடின. அவை தாயோடு விலகியபின் அருகே சென்று பார்த்தாள்; நான்காம் முட்டை அங்கேயே கிடந்தது. மறுநாளும் கிடந்தது.

இயல்பிலேயே கருவற்றதோ, அன்றி அவள் அமர்ந்திருந்த அந்த இரண்டு நாழிகைதான் அதனை அவித்ததோ, உரைப்பார் எவருமிலர். காண்பதும் ஒருவகைத் தீண்டலே என்பதை அறிவுடையோர் அறிவர். அவளோ அதனை ஒரு முட்டையின் விலையில் அறிந்தாள். குஞ்சுகளை அவள் வேலமரத்தடியிலிருந்தே வரைந்தாள். அவை கடுகளவே தெரிந்தன, கடுகளவே வரைந்தாள்.