சென்னைக்குப் போன பூமாரியின் குரல்

பூமாரியின் குரலைச் சென்னையிலிருந்து திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்று பேச, சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான மேல்லயத்தில் கூடியவர்கள் இவர்கள்: கண் தெரியாத சுடலைமணி கட்டிலில், குரல் இல்லாத அவர் மனைவி பூமாரி அடுப்போரத்தில், பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள் வாசற்படியில், லயத்துக்கே கடிதம் எழுதித் தரும் சின்னமுத்து கவிழ்த்துவைத்த வாளியின்மேல். கொழுந்தெடுத்துவிட்டு வந்த மற்ற பெண்கள் நனைந்த உடையோடு சுவரோரம் நின்றார்கள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாத ஒருத்திக்குக் கொழுந்து குறைந்தால், எடை போடுமுன் ஆளுக்கொரு பிடி அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். பூமாரியின் மகள் கற்பகம் சென்னையில் சினிமாவையும் சபாவையும் அண்டாமல், தானே கட்டிய பாட்டுகளை மொட்டைமாடிகளிலும் கடற்கரையிலும் பாடிவந்தாள். பிழைப்புக்காகப் பகலெல்லாம் கால் சென்டரில் பேசியதில் மூன்றாம் வருடம் தொண்டை அடியோடு போயிற்று. செய்தி வந்ததும் பெண்கள் தெரிந்ததைச் செய்தார்கள். ஆளுக்கொரு பிடி குரலைத் தூக்குவாளியில் போட்டு, துணியால் வாய்கட்டி, சென்னை பஸ்ஸில் ஏற்றினார்கள். உள்ளே முணுமுணுப்புக் கேட்டதால் கண்டக்டர் அதை ஒரு சீட்டில் வைத்துக்கொண்டு போனார். கற்பகம் மறுபடி பாடினாள். கொடுத்தவர்களுக்குக் கொஞ்சநாள் தொண்டை கரகரத்து, அடுத்த மழைக்குள் குரல் துளிர்த்துவிட்டது. செபமாலையம்மாளுக்கு முன்னைவிடக் கூடுதலாகவே.

பூமாரிக்குத் துளிர்க்கவில்லை. மறுபடி துளிர்க்க வேண்டுமானால் செடியில் தாயிலையை விட்டுத்தான் கிள்ள வேண்டும் என்று புதுப்பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், பெற்ற மகள் என்றதும் தாயிலையையும் சேர்த்துக் கிள்ளிக் கொடுத்துவிட்டாள். கற்பகத்துக்கு இது தெரியாது. போனில் அம்மாவைக் கேட்டபோதெல்லாம் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். மறுவருடம் சர்க்கரை வியாதியில் சுடலைமணிக்குப் பார்வை போயிற்று. அதன்பிறகு வீட்டில் மனைவி இருக்கிறாளா இல்லையா என்பது அவருக்குத் தெரியாமலாயிற்று. பாத்திரத்தைத் தட்டி அவள் பதில் சொல்வாள். பூனையும் பாத்திரத்தைத் தட்டியது.

"முப்பது வருசம் உங்ககூடப் பேசி என்னத்தக் கண்டோம்னு மயினி மொத்தமா குடுத்துட்டாக போல, அண்ணே" என்றாள் செபமாலையம்மாள்.

"என்னய ஏசுறதுக்காவது கொஞ்சம் வச்சிருக்கலாம்லா, தங்கச்சி."

சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"கேட்டா கற்பகம் உடனே அனுப்பிருவா அண்ணே. தொண்டையில அவளுதுன்னு ஒண்ணும் மிச்சமில்ல. அப்புறம் பாட்டும் இல்ல" என்று சொன்ன சின்னமுத்து, கற்பகம் கடைசியாகப் பாடியதைச் செல்போனில் போட்டார். நடுவே ஒரு வரி உயர்ந்தது. பூமாரி புருஷனைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் அது. சுடலைமணி கட்டிலை விட்டு எழுந்து, போன் இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"இந்தாருக்காள்லா" என்றார். "இன்னொருக்கப் போடு."

இரண்டாம் முறை அவர் நின்றபடியே கேட்டார். அடுப்போரத்திலிருந்து பூமாரி வந்து பக்கத்தில் நின்றதை அவர் அறியவில்லை.

"எழுதுலே முத்து. அம்மா நல்லாருக்கா, பேச்ச நிறுத்தவே மாட்டேங்கான்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாத."

சின்னமுத்து அப்படியே எழுதிப் படித்துக் காட்டினார். பூமாரி சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். சாயங்காலம் மூணாறுக்கு இறங்கிய ஜீப்பில் கடிதம் போயிற்று.