ஏதென்சும் சுரக்குடியும் ஓர் ஓட்டாஞ்சில்லும்

1

இந்தக் கதை காரைக்காலில் ஒரு கல்லூரியின் வரலாற்று வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிறந்தது. அப்போது விழித்திருந்தவன் நீலமேகம் ஒருவன்தான். அவனைக் கதாநாயகனாக்க வேறு காரணம் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கிரேக்கப் பண்பாடு இன்றைய வாழ்வின் ஒவ்வோர் அணுவிலும்...” (வேண்டாம். பேச்சுப் போட்டி.)

பிறகு: “எண்பத்தொன்று, தை மாதம். சுரக்குடி வயல்களில் பனி...” (பனிக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

சரி. நீலமேகத்துக்கு வானொலியில் பாட்டுக் கேட்க வேண்டும். இதுதான் தொடக்கம்.

2

நீலமேகத்தின் ஊரான சுரக்குடியின் மன்றத்தில் ஒரு கேரம் பலகை, ஒரு வானொலி, ஒரு சாவி. மூன்றும் தலைவர் வைத்தியலிங்கத்திடம். நீலமேகத்துக்கு ஊர் முறையில் பெரியப்பா. செய்தி முடிந்ததும் வானொலியை அணைத்துவிடுவார். தேர்தல் வைக்கலாமென்றால் அவரை எதிர்த்து நிற்க ஆள் வேண்டும். நிற்பவன் வயலுக்கு அவர் பம்புசெட்டுத் தண்ணீரும் வேண்டும்.

வகுப்பில் கேட்ட பழைய ஏதென்சில் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஊருக்கு ஆகாதவர் பெயரை ஆளாளுக்கு ஓட்டாஞ்சில்லில் கீறிப் போடுவார்கள். யார் பெயர் அதிகமோ அவர் பத்து வருடம் ஊரைவிட்டு வெளியே. நீலமேகம் பத்தை ஒன்றாக்கினான், ஊரை மன்றமாக்கினான்.

(காவிரி கடல் சேரும் கரைக்கு யவனர் கப்பலில் வந்தார்கள், மதுச்சாடி இறக்கினார்கள். உடைந்த சாடியை என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள்.)

“கிரேக்கமா? செஞ்சுட்டாப் போச்சு தம்பி” என்றார் வைத்தியலிங்கம். “எண்ணுறது நான்தான்.”

3

பொங்கலுக்குக் கழித்த பழைய பானைகள் கொல்லைகளில் கிடந்தன. எழுத அடுப்புக்கரி.

“ஒடஞ்ச பானையில ஆளு பேர எளுதுறது செய்வினைடா!” என்றாள் அவன் அம்மா காசியம்மா.

“மக்களாட்சிம்மா.”

“அது எவ வீட்டு செய்வினை?”

மாலையில் மன்றம் கூடியது. வைத்தியலிங்கம் முதல் சில்லை எடுத்து உரக்கப் படித்தார்: “அண்ணன்.”

அடுத்தது: “பெரியப்பா.” அதற்கடுத்தது: “சித்தப்பா.” மறுபடி “அண்ணன்.” ஒன்றில் “மச்சான் அவர்கள்.”

நீலமேகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சுரக்குடியில் மூத்தவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். கரியால் மட்டும் எழுதிவிடுவார்களா?*

“அண்ணன்னா எந்த அண்ணன்?” என்றார் வைத்தியலிங்கம். மன்றத்தில் பாதிப்பேர் யாருக்காவது அண்ணன். “எளுதுனவன் எந்திரிச்சுச் சொல்லட்டும்.”

எல்லோரும் ஓட்டுக்கூரையைப் பார்த்தார்கள்.

“அப்ப எல்லாம் செல்லாது.”

* நீலமேகம் எழுதியதும் “பெரியப்பா”தான். அவன் மானம் கருதி அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.

4

மிச்சம், இன்னும் எழுதாத ஒரு சில்லு. அதில் யார் பெயரோ, அவர் ஒரு வருடம் வெளியே. அது நீலமேகத்தின் தாய்மாமன் கருப்பையனுடையது. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் “ஏ வைத்தி” என்று கூப்பிடும் வயது அங்கே அவருக்கு மட்டும்தான் இருந்தது. நீலமேகம் நிமிர்ந்தான். மாமா அவனைத் தனியே தள்ளிக்கொண்டுபோய்ச் சில்லைக் கையில் வைத்தார்.

“ஒம் பேர எளுது.”

“எம் பேரா? ஏன் மாமா?”

“மூணு பாடம் அரியர் வச்சிருக்க. ஒரு வருசம் இந்தப் பக்கம் வராம இருந்தாத்தான் தேறுவ. நல்ல ஏற்பாடுடா இந்தக் கிரேக்கம்.”

“அப்ப அவரு?”

“வைத்தி எங்க போயிறப் போறான்.”

(எழுதத் தெரியாத ஒருவர், எதிரே நிற்பவனிடமே அவன் பெயரை எழுதித் தரச் சொன்ன கதை ஏதென்சிலும் உண்டு. திருட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே கேட்டவருக்கு ஆளைத் தெரியாது. இவர் மடியில் வைத்துக் காது குத்தியவர்.)

5

முடிவு அ: தன் பெயரை எழுதுகிறான். ஏதென்சுக்காரர் அப்படித்தான் எழுதினாராம். நீலமேகம் உத்தமனாகிறான். பாட்டு இல்லை. அரியர் போகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

முடிவு ஆ: “வைத்தியலிங்கம்” என்று எழுதுகிறான். மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வைத்தியலிங்கம் அதை உரக்கப் படிப்பார். மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்தப் பெயரை அவன் இதுவரை எழுதியதுமில்லை.

முடிவு இ: திடீரென மழை பெய்து கரி... (தை மாதத்தில், கூரைக்குக் கீழே. அடித்துவிட்டேன்.)

“என்னடா இன்னும்?” என்கிறார் வைத்தியலிங்கம். “செய்திக்கு நேரமாச்சு.”

நீலமேகம் கரியை உங்களிடம் நீட்டுகிறான். கீழே இடம் விட்டிருக்கிறேன். பெயராக எழுதுங்கள். அண்ணன், பெரியப்பா என்று முறை எழுதினால் செல்லாது.

..............................