மஞ்சள் கோட்டுக்கு இப்பால்

"தண்ணிய இன்னும் கொஞ்சம் அமுக்கு. பொடிசுங்க எல்லாம் அதுக்கடியில மாட்டிக்கிட்டு முழிக்குது," என்றார் அவர், ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு.

"தெரியுங்க," என்றாள் உள்ளேயிருந்த மனைவி. "இத்தனை வருஷமா உங்ககிட்டதானே திட்டு வாங்குறேன்."

அவள் முன்னால் நின்றது பழைய என்.எம்.ஆர். காந்தம். ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி அதற்குள் இறக்கினால், கலந்து கிடக்கும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் திரையில் அதனதன் இடத்தில் முகடுகளாக எழும்பும். முகட்டின் பரப்பைக் கொண்டு எது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆனால் ரத்தத்தில் தண்ணீர்தான் பெரும்பாலும். அதன் சத்தத்தை அடக்காவிட்டால் மற்றதெல்லாம் காணாமல் போய்விடும். அதை அடக்குவதில் அவர் கில்லாடி. அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் போய்த்தான் கல்யாணமே நடந்தது. வீட்டில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. வாடகை, முட்டிவலி, யார் குப்பையைக் கொட்டுவது என்று பொழுது போய்விடும். அந்த அறையில்தான் சிநேகிதர்கள்.

போன வருஷம் அவருக்கு இதயம் தாளம் தப்பியது. மார்பின் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்த டாக்டர், "காந்தம் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க," என்று சொல்லிவிட்டார். காந்தத்தின் வீச்சு எதுவரை என்று காட்ட வாசலில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை அதன்பின் அவர் தாண்டவில்லை. சக ஊழியர்கள் 'பேட்டரி' என்று பெயர் வைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், வேறென்ன செய்ய?

இன்று காலை இயக்குநர் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த கட்டடத்துல ரிப்போர்ட் சரிபாக்குற வேலை இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. கதவுக்கு வெளியில ஒருத்தர எத்தனை நாள் நிக்க வைக்கிறது?"

நியாயம்தான். ஆனால் ஒத்துக்கொண்டால் இந்தக் கண்ணாடிக் கதவும் போய்விடும். அவருடைய ஏக்கம் வேலைக்காக அல்ல. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு சண்டை போட வேண்டும். அவ்வளவுதான்.

அவள் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "இது யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"நேத்து செக்கப்புல நர்ஸ் ரெண்டு டியூப் எடுத்தாங்கல்ல? ஒண்ண நான் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்." அவள் குரல் இறங்கியது. "நீங்கதான் வரக்கூடாது. இது வரலாம்ல?"

புஸ்ஸென்ற காற்றோடு குழாய் காந்தத்துக்குள் இறங்கியது. அவள் திரையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தாள். தண்ணீர் அடங்க அடங்க, முகடுகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின.

"சர்க்கரை தூக்கலா இருக்கே! எனக்குத் தெரியாம காப்பியில அள்ளிப் போடுறீங்களா?"

"தண்ணிய ஒழுங்கா அடக்கத் தெரியாதவ சொல்றதெல்லாம் செல்லாது."

"ஆமா, உங்க ரத்தமாச்சே, சொன்ன பேச்சு கேக்குமா?"

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சிரித்தார். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

நடையின் கோடியிலிருந்து இயக்குநரின் குரல் வந்தது. "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றார் அவர், திரும்பாமலே. "இப்ப நான் உள்ள இருக்கேன்."

உள்ளே அளவெடுப்பு முடிந்து திரை அசையாமல் நின்றது. குழாயை மேலே எழுப்பும் பொத்தானை அவள் அழுத்தவில்லை. காந்தத்தின் வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.