தொப்பி ஓரத்து உரோமம்

பள்ளிக்கூட வாசலில் 'நில்' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் இப்போது என் உத்தியோகம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்த சபாரத்தினம் மாஸ்டர், வெள்ளைக்கார நாட்டில் நோபல் பார்க் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு வீதி கடக்கப் படிப்பிக்கிறார் என்று என் மனைவி சிவனேஸ்வரி கேரம் டவுன்ஸ் கோயிலில் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்த வேலையில் எனக்குக் குறையொன்றும் இல்லை, குளிரைத் தவிர. இங்கே ஜூனில் தொடங்கிய 2012ஆம் ஆண்டுக் குளிர் என் முழங்காலுக்குள் புகுந்து குடியிருந்துவிட்டு, வெயில் வந்த பிறகும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

எங்கள் வளவின் பின்பக்க யூனிட்டில் மைமூனாவும் அவளுடைய மகள் மிஸ்னாவும் இருந்தார்கள். மைமூனா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவள். தொண்ணூறில் முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது அவள் சின்னப் பிள்ளை. துரத்தியவர்கள் பேசிய பாஷைதான் அவளுடையதும் என்னுடையதும். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. கதைத்து இனி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பு இரண்டு பேருக்கும் இருந்தது. என்னை அவள் மாஸ்டர் என்பாள். சிவனேஸ்வரியோடு கறிவேப்பிலையும் கண்ணீரும் பரிமாறிக்கொள்வாள்.

கண்ணீருக்குக் காரணம் ரஹ்மான், அவளுடைய கணவன். இரண்டு பேருக்கு மட்டுமே படகில் இடம் வாங்க முடிந்ததால், மனைவியையும் மகளையும் முதலில் அனுப்பிவிட்டு அவன் புத்தளத்தில் தங்கிவிட்டான். இவர்களுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் முறைப்படி கூப்பிடுவதாகத்தான் கதை. அந்த முறை ஆமை வேகத்தில் நகர, பொறுமை கெட்ட மனுஷன் இந்தோனேசியாவுக்குப் போய், ஜூன் மாதத்தில் ஒருநாள் அங்கிருந்து போன் எடுத்தான். இன்றைக்குப் படகு ஏறுகிறேன், மிஸ்னாவிடம் சொல்லு என்றான். அதுதான் கடைசி. படகும் வந்து சேரவில்லை, படகைப் பற்றிய செய்தியும் வரவில்லை. ஓகஸ்ட் முடிவதற்குள், அதே படகில் ஆட்களைப் பறிகொடுத்த மற்ற வீடுகள் இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தம் ஓதி முடித்துவிட்டன. மைமூனா மட்டும் அசையவில்லை. பின்னிரவில் எழும்பித் தஹஜ்ஜுத் தொழுது கேட்கிறேன், கேட்டது கிடைக்கும் என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினில் போய்க் குந்திக்கொள்வாள்.

தையல்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. டண்டினோங் பக்கத்துக் கம்பனி ஒன்று, வான் வண்டியில் மூட்டை மூட்டையாகக் குளிர்கோட்டுத் தொப்பிகளையும் உரோமப் பட்டிகளையும் கொண்டுவந்து இறக்கும். தொப்பியின் ஓரத்தைச் சுற்றி அந்தப் பட்டியை வைத்துத் தைக்க வேண்டும். செயற்கை உரோமம் என்று ஒவ்வொரு கோட்டிலும் துணிச்சீட்டு இருந்தது. கை பிசகித் தைத்த கோட்டு ஒன்றை, வைத்துக்கொள் என்று வான்காரன் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனான். யூனிட்டில் ஹீட்டர் பழுது. வீட்டு ஏஜெண்ட் இந்தா வருகிறேன், அந்தா வருகிறேன் என்று மூன்று மாதமாக ஏய்த்துக்கொண்டிருந்தான். ஆகவே மைமூனா அந்தக் கோட்டைப் போட்டு, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் குளிர்காலம் முழுக்கத் தொழுதாள். தொழுகைக்கு முன் ஒளு எடுத்துக் கழுவிய ஈரம் காயாத முகத்தில் அந்த உரோமம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பிறகு சொன்னாள்.

செப்டெம்பரில் மிஸ்னா ஒரு வேலை செய்தாள். செயற்கை என்று விற்கிற கோட்டுகளில் நிஜ உரோமம் இருக்கிறதாம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்ல, வீட்டில் ஒரு பட்டியிலிருந்து நாலு இழை பிடுங்கி அடுப்பில் காட்டினாள். பிளாஸ்டிக் மணம் வரவில்லை. தலைமயிர் பொசுங்கினால் வருமே, அந்த நாற்றம் குசினி முழுக்க நிறைந்தது. பட்டியின் பின்பக்கத்தை ரெக்சின் என்று நினைத்து ஒரு வருஷமாகத் தைத்தவள் மைமூனா. புரட்டிப் பார்த்தபோது அது தோல். மிஸ்னா சும்மா விடுகிற பிள்ளையா? விஞ்ஞான ஆசிரியையிடம் கொண்டுபோய் நுணுக்குக்காட்டியில் வைக்கச் சொல்லி, அது ரக்கூன் நாய் என்ற மிருகத்தினுடையது என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வந்த கையோடு, உம்மா, யூ ஹாவ் பீன் வெயாரிங் எ டோக், நீங்கள் நாயைத்தான் உடுத்திருந்தீர்கள் என்று தாயின் முகத்துக்கு நேரே சொன்னாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தை மெல்லச் சொல்லத் தெரியாது.

மைமூனா அன்று சமைக்கவில்லை. நாய் அவர்களுக்குக் கடும் நஜீஸ், பெரிய அசுத்தம். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரால். பட்ட உடுப்பு, பாய், தரை எல்லாவற்றையும். அதோடு தொழுததை எல்லாம் திரும்பத் தொழ வேண்டும். அவள் மௌலவியிடம் போன் எடுத்துக் கேட்டாள். அவர் பக்குவமான மனிதர். பெயரை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது, மிருகங்களைப் பற்றிப் படித்தவரிடம் அது உண்மையிலேயே நாய் இனமா என்று கேளுங்கள் என்றார். நாய் இனமென்றால் கழுவிவிட்டுத் திரும்பத் தொழுங்கள், இல்லையென்றால் தெரியாமல் நடந்ததற்கு மனதை வருத்திக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னாராம். மிருகங்களைப் பற்றிப் படித்தவர் வேறு யார்? பலகை பிடிக்கிற நான்தான்.

கேட்டவுடன் பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டு ஸ்பிரிங்வேல் நூலகத்தில் போய் இருந்து படித்தேன். பல வருஷத்துக்குப் பிறகு எனக்கு என் தொழில் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

ஜப்பான், கொரியா, சீனம், ரஷியாவின் கிழக்கு மூலை, இதுதான் அதன் சொந்த இடம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, குட்டைக் கால், பருத்த உடம்பு. தவளை, எலி, பழம், குப்பை, எது கிடைத்தாலும் தின்னும். சோவியத்காரர்கள் தோலுக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் பெட்டிகளில் அடைத்து மேற்கே கொண்டுபோய்க் காடுகளில் விட்டார்கள். அது பிழைத்துப் பெருகி, பின்லாந்து, போலந்து, ஜெர்மனி என்று போய்ச் சேர்ந்தது. இப்போது அங்கே அதற்குப் பெயர் பீடை, கண்டால் சுடலாம். கொண்டுவந்தவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சீனத்தில் அதைக் கம்பிக் கூட்டில் அடைத்து வளர்க்கிறார்கள். அந்தப் படங்களை மிஸ்னா முன்பே எனக்குக் காட்டியிருந்தாள். ஒருமுறை பார்த்தது போதும்.

காட்டில் இருக்கும்போது அது சோடி சேர்ந்தால் பிரியாது. குட்டி போட்ட பிறகு பெண் இரை தேடப் போனால், ஆண் வளையில் குட்டிகளோடு காவல் கிடக்கும். கடுங்குளிரில் இரண்டும் ஒரே வளையில் உடம்போடு உடம்பு ஒட்டி மாதக்கணக்கில் உறங்கும். நாய்க் குடும்பத்தில் குளிருக்கு உறங்குகிறது அது ஒன்றுதான்.

ஆம், நாய்க் குடும்பம்தான். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பல், மண்டையோடு, இரத்தம் எல்லாம் அதையே சொல்கின்றன. நரிக்குக் கொஞ்சம் கிட்டிய சொந்தம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சிவனேஸ்வரியிடம் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, நாயில்லை என்று சொல்லுங்கோ என்றாள். அதெப்படி, படித்ததற்கு மாறாகச் சொல்வது என்று நான் எகிறினேன். உங்கட படிப்பு அந்தப் பிள்ளையின் புருஷனைக் கொண்டுவந்து தருமோ என்று திருப்பிக் கேட்டாள். ஒரு குளிர்காலம் முழுக்க விடியமுன் எழும்பிக் கேட்டதெல்லாம் வீண் என்று அவளுக்குச் சொல்லப் போகிறீர்களா என்றாள். இவளோடு வாதாடி நான் வென்றதாகச் சரித்திரமில்லை. அதோடு எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்தப் பல்லும் மண்டையோடும் எனக்கு மட்டும் தெரிந்தால் போதாதா?

மறுநாள் பின்னேரம் மைமூனா வந்தாள். கதிரையில் நுனியில் இருந்தாள். முகம் கழுவி, நல்ல சால்வை போட்டு, நீதிமன்றத்துக்குத் தீர்ப்புக் கேட்க வந்தவள் மாதிரி வந்திருந்தாள்.

"மாஸ்டர், மற்றதெல்லாம் எனக்கு விளங்காது. அது நாய்ச்சாதியோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"இல்லைப் பிள்ளை," என்றேன். "அது நாயில்லை."

சொன்ன பிறகு நாக்குத் தானாக ஓடியது. அது குரைக்காது, மரமேறும், குளிருக்கு உறங்கும், எந்த நாய் இப்படிச் செய்யும் என்றேன். இங்கே பறக்கும் நரி என்று ஒன்று மரங்களில் தொங்குகிறதே, அது வௌவால்தானே, வெள்ளைக்காரன் வைக்கிற பெயரை நம்பலாமா என்றேன். சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. உண்மைகளை அடுக்கி ஒரு முழுப் பொய்யைக் கட்டினேன். இவ்வளவு நன்றாக நான் வகுப்பில்கூடப் படிப்பித்ததில்லை.

"அப்ப நான் தொழுதது எல்லாம் சரி?"

"எல்லாம் சரி. ஒண்டும் வீண்போகேல்லை."

அவள் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது தெளியவில்லை. மெல்ல மெல்ல இரத்தம் வடிந்து வெளுத்தது. சிவனேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"நாயெண்டுதான் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சு வந்தனான்," என்றாள் மைமூனா. "நாயெண்டால் நான் கேட்டது ஒண்டும் போய்ச் சேரேல்லை. பாய், உடுப்பு, தரை எல்லாத்தையும் கழுவிப்போட்டு, முதலில இருந்து கேக்கலாம் எண்டு இருந்தன். வளவில மண்ணும் அள்ளி வைச்சிட்டன்."

சால்வையை நெற்றிவரை இழுத்துவிட்டாள்.

"இப்ப எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கு. படைச்சவன் கேட்டுப்போட்டுத்தான் அவர் விசயத்தில இப்பிடி நாடியிருக்கிறான்."

மடையன், மடையன் என்று மனதுக்குள் என்னையே திட்டினேன். அந்தக் கோட்டு நாயாக இருக்க வேண்டும் என்றல்லவா அந்தப் பெண் ஆசைப்பட்டு வந்திருக்கிறாள்! நான் அவளுடைய தொழுகையைக் காப்பாற்றுகிறேன் என்று போய், அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரேயொரு கதவைச் சாத்திவிட்டு நிற்கிறேன்.

கதிரையை இழுத்து அவளுக்குக் கிட்டப் போட்டேன். பொறு பிள்ளை, நான் சரியாகச் சொல்லவில்லை, அது நாய்க் குடும்பம்தான் என்றேன். பல்லைப் பற்றிச் சொன்னேன். மண்டையோட்டைப் பற்றிச் சொன்னேன். நரி, ஓநாய், வீட்டு நாய், இது, எல்லாம் ஒரே வயிற்றுவழி என்று கையால் காற்றில் கோடு கீறிக் காட்டினேன். வேண்டுமென்றால் இப்போதே நூலகத்துக்கு வா, காட்டுகிறேன் என்றேன். மௌலவியிடம் நானே பேசுகிறேன் என்றேன். நீ அள்ளி வைத்த மண்ணைக் கரை, நானும் வந்து கழுவித் தருகிறேன் என்றேன். இப்போது நான் சொன்னது அத்தனையும் உண்மை, ஆனால் என் குரல் பொய் சொல்கிறவனின் குரல் மாதிரித் தடுமாறியது.

அவள் இடைமறிக்காமல் கேட்டாள். வகுப்பில் நல்ல பிள்ளைகள் கேட்பார்களே, அப்படி.

"நீங்கள் நல்ல மனுசன், மாஸ்டர்," என்றாள். "என்ர முகத்தைப் பார்த்திட்டு இப்ப நாயெண்டு சொல்லுறீங்கள். வேண்டாம். முதல் சொன்னதுதான் உண்மை."

சிவனேஸ்வரியிடம், அக்கா போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தேத்தண்ணி குடிக்கவில்லை. அதைச் சிவனேஸ்வரி ஊற்றிவிட, கோப்பையை நான் கழுவினேன். யாரைக் குற்றம் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மைமூனாவின் வாசலில் போய் நின்று பார்த்தேன். மரியாதையாகக் கதைத்தாள். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும், பரவாயில்லை மாஸ்டர், உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் என்று முடித்துவிடுவாள். மிஸ்னாவைக் கொண்டு சொல்லுவித்தேன். நீயும் மாஸ்டரோடு சேர்ந்துகொண்டாயா என்று தாய் அவளுடைய தலையைத் தடவிவிட்டாளாம்.

கிழமை முடிவில் மிஸ்னா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நான் பலகை பிடித்து நிற்கிற இடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் எல்லாரும் கடந்து போகும்வரை ஓரமாக நின்றாள்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பாவுக்குக் காயிப் ஜனாஸா தொழ வைக்கினம். உம்மா உங்களை வரச் சொன்னா."

தூரத்தில் இறந்துபோனவருக்கு, உடல் முன்னால் இல்லாமல் தொழுகிற தொழுகை அது. வெள்ளிக்கிழமை போனேன். மண்டபத்துக்கு வெளியே, கழற்றிவிட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே ரஹ்மானின் பெயரைச் சொன்னது கேட்டது. கடல் ஒரு செய்தியும் அனுப்பவில்லை, அரசாங்கம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் இறந்துவிட்டான் என்று மைமூனாவுக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி, நான் சொன்ன பொய்.