குட்டை ஊசித் தையல்

மாஸ்கோ ரயிலைப் பிடிக்கவேண்டிய நாளில் தோல்கின் மெத்தையோடு சேர்ந்து எழுந்தான். அவன் எழ, முதுகில் ஒட்டியபடி மெத்தையும் எழுந்தது. பச்சைப் பட்டில் சிவப்புக் கரை வைத்த கல்யாணச் சீர் மெத்தை. பட்டுக்குப் பேர்போன மார்கிலான் ஊரில் எங்கள் தெருவில் யாரும் பெரிதாக அலறவில்லை. தைத்தது யார் என்பது ஊரறிந்த விஷயம்.

தைத்தவள் அவன் மனைவி இனோபத். முந்தின குளிர்காலத்தில் தோல்கினின் அண்ணன், ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியைத் திறந்து முகம் பார்க்கக்கூட விடவில்லை, பாவிகள். வசந்தம் பிறந்ததும் தோல்கின் தானும் போகிறேன் என்றான். இனோபத் அழுது பார்த்தாள், சண்டை போட்டாள், பாஸ்போர்ட்டை மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அவன் அதைக் கண்டெடுத்து, மாவைத் தட்டிவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகுதான் அவள் கடைத்தெருவில் ஊசி விற்கும் சரோஃபத்திடம் போனாள்.

நீள ஊசி ஒரே இழுப்பில் நாலைந்து பிடி பிடிக்கும். துணியும் பஞ்சும் நகராமல் நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் நூலை உருவி எறிந்துவிடலாம். குட்டை ஊசி அப்படியல்ல, பொடிப்பொடியாக இறங்கி ஏறும். பஞ்சு மக்கினாலும் தையல் நிற்கும். சரோஃபத் இரண்டையும் எடுத்து வைத்தாள்.

“புருஷனைப் பிடிச்சு வைக்கத்தானே? நீள ஊசி போதும்டி. ரயில் போனதும் உருவி விட்டுடு” என்று கேலி செய்தாள். எல்லோரிடமும் அப்படித்தான் வாயடிப்பாள்.

இனோபத் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு ரயிலா அக்கா போகுது?” என்று கேட்டு, குட்டை ஊசியை வாங்கிக்கொண்டாள்.

உடம்பில் கிடக்கும் துணியைத் தைக்கும்போது அந்த ஆள் பல்லில் ஒரு நூலைக் கடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளும் சேர்ந்து தைபட்டுவிடுவான். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தோல்கின் ரயிலுக்கு முந்தின இரவு வயிறு முட்டப் புலாவ் தின்றுவிட்டு, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இனோபத் விளிம்பில் தொடங்கி அவனைச் சுற்றித் தைத்து முடித்தாள்.

அவன் அம்மா ஹோஸியத் மறுநாள் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். தையலுக்கு அடியில் அதன் நுனி நுழையவில்லை. “இவ்வளவு பொடியா தைக்க எவடி உனக்குச் சொல்லிக்குடுத்தா, சண்டாளி?” என்று கத்தினாள். ஆனால் ஒரு மகனைப் புதைத்தவள் அல்லவா, சற்று நேரத்தில் கத்தரிக்கோலை அவளே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

தோல்கின் மெத்தையோடு ரயில் நிலையத்துக்கும் போனான். அதைச் சாமான் கணக்கில் சேர்ப்பதா ஆள் கணக்கில் சேர்ப்பதா என்று அதிகாரிகள் வாதம் செய்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. அதன்பின் மெத்தையைச் சுமந்தபடியே பட்டுப்புழுவுக்கு முசுக்கட்டை இலை வெட்டினான், தேநீர்க் கடையில் உட்கார்ந்தான். உட்கார மெத்தை கொண்டுவந்த ஒரே வாடிக்கையாளன் என்று கிண்டல் செய்தவர்கள் போகப்போக அதையும் விட்டுவிட்டார்கள். வீட்டில் அவன் இனோபத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மெத்தை என்றால் இலையுதிர் காலத்தில் பிரித்து, பஞ்சை அடித்து, வெயிலில் உலர்த்தித் தைக்க வேண்டும். அதைப் பிரிக்க வழியில்லை. மூன்றாவது வருடம் பஞ்சு கட்டிதட்டி ஈரம் கோத்துக்கொண்டது, அவனுக்கு இருமல் பிடித்தது. அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“நான் பொட்டியில வந்துடுவேன்னு பயந்த. இப்ப நீயே என்னைப் பொட்டியில போட்டு வச்சிருக்க, இனோபத்.”

அவள் ஊசியை எடுத்து வந்தாள். அன்றே ஊசி நுனியால் ஒவ்வொரு தையலாகத் தூக்கிப் பிரிக்கத் தொடங்கினாள். பாதாமி மரம் பூத்து, காய்த்து, பழுத்த பிறகுதான் கடைசித் தையல் வந்தது. அந்த வாரமே அவன் மாஸ்கோவுக்குப் போய்விட்டான். போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டான், இனோபத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். அவள் அடுப்படியில் போய் வாய்விட்டு அழுதாள்.

இனோபத் பஞ்சை அடித்து மெத்தையைப் புதிதாகத் தைத்தாள். விரித்ததும் அவன் படுத்திருந்த இடம் பள்ளமாக விழுந்தது, தொட்டால் உடம்புச் சூடு. போன் வராத மாதங்களில் மாமியாரும் மருமகளும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அண்டை வீட்டார் “தோல்கின் எப்படி இருக்கான்?” என்று கேட்டால், “சூடா இருக்கான்” என்பாள் ஹோஸியத். அங்கே ஏதோ கட்டடம் சரிந்தது என்று செய்தி வந்த நாளில் இருவரும் பொழுது சாயும்வரை மெத்தையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவன் போன பிறகு வந்த நாலாவது குளிர்காலத்தில் ஒருநாள் மெத்தையில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. இரண்டாவது சிறியது, முதலாவதை ஒட்டினாற்போல் வளைந்து கிடந்தது. ஹோஸியத் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “நாசமாப் போறவன்! எவளையோ சேர்த்துக்கிட்டான் பாருடி!”

இனோபத் மண்டியிட்டு முதல் பள்ளத்தில் கை வைத்தாள். பிறகு இரண்டாவதிலும் வைத்துப் பார்த்தாள். அதுவும் சூடாகத்தான் இருந்தது.

“சூடாத்தான் இருக்கான், அத்தை” என்றாள். “எழுந்திருங்க, ரொட்டி ஆறுது.”